ஐந்தாவது நாற்காலி

உட்கார்ந்தே வேலை பார்ப்பவன் நடுநடுவே எழுந்து காலாற நடப்பது நல்லது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். அதைத்தான் நானும் செய்தேன், ஐயா.

அரசரின் தலை போனதும் இங்கிலாந்து மக்களுடையதாயிற்று. மக்களுக்கு வேலைவெட்டி இருந்ததால் நாடாளுமன்றத்தின் பேரில் குழுக்கள் ஆண்டன. எங்கள் மாவட்டக் குழுவில் பேருக்கு நிறையப் பேர் உண்டு. அறுவடை, கீல்வாதம், பயம் என்று ஒதுங்கியவர்கள் போக, வந்தது ஐந்து பேர்தான். ஐவர் உட்கார்ந்தால்தான் முடிவு செல்லும். நால்வரென்றால் அது சும்மா நாலு கிழவர்கள் கூடிப் பியர் குடிப்பது. அந்த ஐந்தாவது ஆள் நான்.

போரில் அரசர் படைக்குக் குதிரைகள் கொடுத்த எட்மண்ட் டாரன்ட் சிறையில் கிடந்தார். பறிமுதலான அவர் வீட்டில் என்னைக் குடிவைத்திருந்தது குழு. தெற்குப் பார்த்த சன்னல்கள், அருமையான வீடு. அவர் விடுதலையானால் நான் மூட்டை கட்ட வேண்டும். அவர் மனைவி மார்ஜரியை நான் துரத்தவில்லை, சமையலுக்கு வைத்துக்கொண்டேன். நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.

மற்ற நால்வருக்கும் டாரன்டை விட்டுவிடத்தான் மனம். அவருடைய விடுதலை மனுவை வாசிக்கத் தொடங்கியதும் நான் எழுவேன்.

“எங்கய்யா கிளம்பிட்டீரு, ஹாஸ்கெட்?” என்பார் தலைவர் கர்னல் புரூயட். “கையத் தூக்கிட்டுப் போமய்யா. ஒரு நிமிஷ வேலை.”

“வயிறு கேக்க மாட்டேங்குது, கர்னல்.”

“டாரன்ட் பேரக் கேட்டாலே உம்ம வயிறு கலங்கிருது போல.”

எல்லோரும் சிரிப்பார்கள். மனு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். நான் முற்றத்தில் நின்று டாரன்டுக்காக மனமுருகி ஜெபிப்பேன்.

சிறையில் காய்ச்சல் பரவியது. மார்ஜரி ரொட்டியை என் முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“ஐயா, நாளைக்கு மட்டும் எழுந்திரிக்காம இருங்க. அவரு தாங்க மாட்டாரு.”

“உக்காராம எங்கம்மா போகப்போறேன்” என்றேன்.

மறுநாளும் எழுந்தேன். தெரிந்தேதான் எழுந்தேன். அடுத்த கூட்டத்துக்குள் அவர் செத்துப்போனார். உடலையாவது கொடுங்கள் என்று அவள் மனுப் போட்டாள். பழகிய கால், அதற்கும் எழுந்துவிட்டது.

இப்போது நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டு, நீங்கள் புதிதாக ஒரு குழுவாக வந்து உட்கார்ந்து, டாரன்டைக் கொன்றது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கொடுங்கோலன் என்று மட்டும் எழுதாதீர்கள். அரசர் காலத்தில் ஒரே ஒருவன் நினைத்தால் போதும், இன்னொருவன் சிறையிலேயே செத்துப்போவான். அந்த அநியாயத்தை ஒழிக்கத்தானே, ஐயா, நாங்கள் போரிட்டோம்.