பிரேக்கில்தான் பிழை

டுரியான் பழம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பினாங்கில் பிறந்து வளர்ந்தும், அந்த வாசம் பட்டால் தலை சுற்றும். என்னைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் அன்று பாலிக் பூலாவ் மலையுச்சியில் நான் காரைவிட்டு இறங்கியபோது ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் என்னை அழைக்கவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். என் மைத்துனன் தம்புவும் என் மனைவி நல்லம்மாவும் செத்த வழக்கை, 'ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று முடித்துவிட்டீர்கள். அது தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி நான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் அந்தக் காரை வாங்கினேன். சமதரையில் அதைக் குறை சொல்ல முடியாது. மலையில் இறங்கும்போது மட்டும், பிரேக் சூடேறியதும் பிடிக்காது. மிதிக்க மிதிக்க வண்டி தன் பாட்டுக்கு ஓடும். முதல் முறை ஒரு ஜாதிக்காய் மரத்தில் மோதி நின்றேன். அடுத்த முறை சாலையோரச் சாக்கடையில். அதற்குப் பிறகும் நடந்தது.

ஒவ்வொரு முறையும் காரை விற்ற கம்பெனியின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். போய்ச் சேர்வதற்குள் பிரேக் ஆறிவிடும். ஆறினால் நன்றாகப் பிடிக்கும். ஃபோர்மன் அலாவுதீன் முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சிரிப்பார்.

"காரு நல்ல காரு, கிராணி ஐயா. காலைக் கொஞ்சம் அழுத்தி வைங்க லா."

மேனேஜர் துரை அதற்கும் ஒரு படி மேலே போனார். சீமையில் செய்த பிரேக்கில் பிழை வராது, பேனா பிடிக்கிறவர்களின் காலில்தான் பிழை வரும் என்றார். பட்டறை முழுக்கச் சிரித்தது. காரைச் செய்த சீமைக் கம்பெனிக்கே எழுதிப் பார்த்தேன். பினாங்கு துரையைக் கேட்கச் சொல்லிப் பதில் வந்தது. ஆனாலும் பொறுத்தேன். அந்நியன் அப்படித்தான் பேசுவான்.

வீட்டில் சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தம்பு தன் காலைத் தூக்கிக் காட்டுவான். "அத்தான்ர காலுக்குத்தான் வைத்தியம் வேணும், காருக்கில்லை." நல்லம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். தம்பி சொன்னால் அவளுக்கு அது வேதம்.

எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். அந்தப் பிரேக் ஒரே ஒரு தடவை இன்னொருவர் காலடியில் கைவிட வேண்டும்.

டுரியான் காலம் வந்தது. பழம் வாங்க பாலிக் பூலாவ் போனோம். தோட்டத்தில் கூடைகளை நானே தூக்கிப் பின்னால் அடுக்கினேன். பாரம் கூடினால் பிரேக் சீக்கிரம் சூடேறும். திரும்பும் வழியில் மலையுச்சிக்கு வந்ததும் காரை நிறுத்தினேன்.

"தலை சுத்துது தம்பு. நீயே ஓட்டு, நான் பஸ்ஸில வாறன்."

அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

நல்லம்மாவை என்னோடு இறக்கிக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் வாயெடுக்கும் முன்னரே அவள் கூடைகளுக்கு நடுவே சாய்ந்துகொண்டு சொன்னாள். "நீங்கள் மெல்ல ஆறுதலா வாங்கோ. இண்டைக்காவது பயமில்லாமல் இறங்குவம். தம்பியின்ர கால் நல்ல கால்."

நான் அவள் பக்கத்துக் கதவைச் சாத்தினேன். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தேன்.

பாதி மலைவரை கார் ஒழுங்காகப் போனது. பிறகு ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் பஸ்ஸுக்காக நின்றேன். மனம் கனத்தது, இல்லை என்று சொல்லவில்லை. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. இனி ஒருவனும் சிரிக்க மாட்டான் என்று நினைத்தேன்.

ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள்? மறுநாள் அந்த உடைந்த காரை அதே அலாவுதீனிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். ஆறிப்போன பிரேக் பிடிக்காமல் என்ன செய்யும்? பிரேக் நல்ல பிரேக், தம்புவின் காலில்தான் பிழை என்று அவர் வாய் கூசாமல் சொன்னார். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். சாவு வீட்டுக்கு மேனேஜர் துரை மலர்வளையம் அனுப்பினார். புதுக் கார் வேண்டுமென்றால் எனக்குச் சலுகை உண்டாம்.

ஆகவே இப்போது நான் சொல்வதை எழுதுங்கள். பிரேக் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இரண்டு பேரையும் அனுப்பினேன். இது கொலை. இதற்குத் தூக்கு என்பதும் தெரியும், நான் சட்டம் தெரியாதவன் இல்லை. ஆனால் என்னைத் தூக்கில் போட வேண்டுமென்றால், அந்தப் பிரேக் பிடிக்கவில்லை என்று கோர்ட்டில் ஒரு வெள்ளைக்கார நீதிபதி முதலில் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். துரையும் அலாவுதீனும் அங்கே உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும்.

சந்தேகமிருந்தால் உங்கள் ஸ்டேஷன் காரைக் கொடுங்கள். இப்போதே அந்த மலையில் இறக்கிக் காட்டுகிறேன். என் காலில் ஒரு பிழையும் இல்லை.