இன்னும் இச்சிரி

ஆன்டெனா கட்டுவது இரண்டு பேர் வேலை, சார். ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்ப வேண்டும். மற்றவர் டி.வி. முன்னால் இருந்து, படம் தெளிந்ததும் 'நில்லு' என்று சொல்ல வேண்டும். பாறசாலையிலும் கொல்லயிலிலும் கல்ஃப்காரர் வீடுகளுக்கெல்லாம் கட்டியது நான்தான். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

ராஜதாஸின் வீடு நிற்கிற பத்து சென்ட் எங்கள் தென்னந்தோப்பு. அவன் அப்பன் அருமநாயகம் அதில் குடிசை போட்டிருந்தான். குடியிருப்பவனுக்கே மண் என்று சட்டம் வந்ததும் அது அவனுக்கே ஆனது. அதுகூடப் போகட்டும். சாகிறவரை அவன் என்னைக் 'கொச்சேமான்', சின்ன எஜமான் என்றுதான் கூப்பிட்டான். மரியாதை தெரிந்தவன்.

மகன் ராஜதாஸ் மஸ்கட்டிலிருந்து கலர் டி.வி.யோடு வந்தான். தெருமுக்கில், நாலு பேர் பார்க்க, "எலே மோகனா, நாளைக்கு வந்து ஆன்டெனா கட்டிக்குடு" என்றான். எலே. என் வயிறு எரிந்தது, இனி ஒளிக்க என்ன இருக்கிறது. ஆனாலும் போனேன். தொழில் அல்லவா.

மாடியின் கிழக்கு மூலையில், கரண்ட் கம்பிப் பக்கம் குழாயை நிறுத்தினேன். திருப்புவதற்கு அவனே ஏறினான். "என் வீட்டு ஆன்டெனா, நான்தான் திருப்புவேன். கம்பியில தட்டாதுல்லா மக்கா?" என்றான்.

"படம் தெளியுற இடத்துல நில்லுண்ணு சொல்லுவேன். கம்பி அதுக்கும் அப்புறமாக்கும்" என்றேன். அதில் பொய் இல்லை.

நான் கீழே இறங்கி டி.வி. முன்னால் இருந்தேன். ஆன்டெனா திருவனந்தபுரம் டி.வி. டவருக்கு நேரே வந்ததும் படம் சுத்தமாகத் தெளிந்தது. பக்கத்தில் நின்ற அவன் மனைவி சுகுமாரி, "தெளிஞ்சாச்சுல்லா அண்ணா?" என்று சிரித்தாள். அந்த வீட்டில் அதுதான் முதல் டி.வி.

"கலர் சரியா வரல்ல. இன்னும் இச்சிரி திருப்பணும்" என்றேன், மெதுவாகத்தான்.

அவள் முற்றத்துக்கு ஓடிப்போய், "இன்னும் இச்சிரி திருப்பணுமாம்" என்று மேலே பார்த்துக் கத்தினாள். அவன் திருப்பினான். ஆன்டெனாவின் வால் கம்பியில் தட்டியது. அவன் முற்றத்தில், அவள் முன்னால் வந்து விழுந்தான்.

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். கொன்றேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவன் கடைசியாகக் கேட்டது என் குரல் இல்லை, சுகுமாரியின் குரல். அடக்கத்தன்று அவளிடமும் அதை எடுத்துச் சொன்னேன். பாவம், அவளுக்கும் உண்மை தெரிய வேண்டாமா.