பிரசவக் கட்டிலுக்கு ஒரு பேய்ப் படம்

...அதான் சொல்றேன் பீபி, அவசரப்படுத்தாதீங்க. மக பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்குன்னு நீங்களேதான சொன்னீங்க? இந்த இஸ்பஹான் பட்டணத்துல ஜின்னு, பேயி படம் போடறதுக்கு யூதத் தெருவுல நான் ஒருத்தன்தான் இருக்கேன். பொறந்த புள்ளைய அள்ளிக்கிட்டுப் போறவள நீங்க ஆல்னு சொல்றீங்க, நாங்க லிலித்னு சொல்றோம். ரெண்டும் ஒரே சிறுக்கிதான்! படத்தக் கட்டில் தலமாட்டுல மாட்டி, கண்ணுல ஊசியக் குத்திருங்க. எட்டிக்கூடப் பாக்க மாட்டா.

இன்னிக்கு எனக்குக் கை ஓட மாட்டேங்குது. ஏன்னா... என் பொண்டாட்டி தாவூஸுக்கே பேய் புடிச்சிருக்கு. சிரிக்காதீங்க! எங்க ரப்பி வந்து ஓதினாரு. உங்க மொல்லாவும் தண்ணி மந்திரிச்சுக் குடுத்தாரு. ம்ஹூம்! மத்தவங்களுக்குப் புடிச்சா கத்தும், குங்குமப்பூச் சோறு கேக்கும். இது வாயே தொறக்க மாட்டேங்குது. பொழுதன்னிக்கும் தன் உதட்டு மேல இருக்கற மச்சத்த சாம்பல் போட்டுத் தேய்க்குது. இப்ப உள்ள மூட்டை கட்டிக்கிட்டிருக்கா, காஷான் ஊர்ல இருக்கற அண்ணன் வீட்டுக்குத்தான் போவா. போனா வர மாட்டா பீபி. இருபது வருசம்... புள்ளகுட்டி இல்லாத வீடு. அவளும் போயிட்டா நான் யார்கூட சண்ட போடறது?

எப்பலேர்ந்தா? போன வியாழக்கிழமைலேர்ந்து. பின் சந்து நெசவுக்காரன் வீட்டுல புள்ள பொறந்துச்சுன்னு கற்கண்டு எடுத்துக்கிட்டுப் போனா. உள்ள பொம்பளைங்க மட்டுந்தானே, முக்காட்ட எடுத்துட்டு நிமிந்திருக்கா... தலமாட்டுல நான் போட்டுக் குடுத்த படம். நல்லா வந்த படம் பீபி! கொம்பு, நகம், செவப்பு நாக்கு... உதட்டு மேல மச்சம். ரெண்டு கண்ணுலயும் ஊசி. பெத்தவ படத்தப் பாத்தா, இவளப் பாத்தா, "ஐயோ, வந்துட்டா!"ன்னு புள்ளைய இறுக்கிக்கிட்டாளாம்.

ஏன் என்னை அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன பண்ணுவேன்? அடுத்த வீட்டுப் பொம்பளைய நிமிந்து பாத்தவனா நான்? தெருவுல போறவங்க எல்லாம் முக்காடு, முகத்திரை. எனக்குத் தெரிஞ்ச பொம்பள முகம் அவ முகம் ஒண்ணுதான்! எதைப் பாத்து வரையறது?

சரி விடுங்க, உங்களுக்கு வேற முகம் போட்டுத் தர்றேன். அந்தத் திரைய மட்டும் கொஞ்சம்... அட, ஏன் எந்திரிச்சுட்டீங்க? பீபி! பீபி! ஒரு முகந்தானே கேட்டேன்...

போயிட்டாங்க.

அன்னிக்கு தாவூஸ் கடைசியாப் பேசுனதும் இதுதான். "எனக்குன்னு இருந்ததே ஒரு முகந்தான்யா"ன்னு.