தோளில் தேய்த்த மருந்து

இல்ல டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரவிய வாரதுக்கு முந்தி நானே சொல்லிருதேன். அஞ்சாங்கிளாஸோட நின்னவ, முன்னதைப் பின்ன வச்சுத் தப்பாச் சொல்லிப்புடுவனோன்னுதான் படபடங்குது. நீங்க அந்தப் பேனாவைச் செத்த கீழ வையுங்க. மருந்தைக் கூட்டி எழுதிராதீங்க.

அந்த டெஸ்டோஸ்டிரானோ என்னமோ, என் வாயில நுழையல, ஆம்பளைச் சத்துன்னே சொல்லுதேன். அது அவிய ரத்தத்துல மறுபடி இறங்கிட்டுங்கீங்க. இறங்காம என்ன செய்யும்.

போன வருசம் அது கொறைஞ்சிருக்குன்னு நீங்க சொன்னதுலருந்து எங்க வீட்டுக்காரவியளுக்கு வேற பேச்சே இல்ல. அவிய அப்பாவும் அண்ணனும் அறுபதைத் தாண்டினதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் போய்ட்டாவல்லா, அந்தப் பயம். நம்பரு ஏறினா ஆயுசும் ஏறிரும்னு நெனப்பு. வயித்தைக் குறைங்க, நடங்க, இனிப்பை விடுங்கன்னும் நீங்க சொல்லத்தான செஞ்சீங்க? அது காதுல ஏறல. கடம்பூர் போளிப் பொட்டணம் இப்பவும் கார்ல கிடக்கு. நீங்க எழுதின களிம்பை மட்டும் ஒருநாள் விடமாட்டாவ.

தேய்ச்சுவிடுதது ஆரு? நாந்தான். தோள்பட்டை இறுகிப்போய் அவிய கை மேல ஏறாது. கல்யாணமானதுலருந்து எண்ணெ தேய்ச்சுவிட்ட கைதான, அதே மாதிரி பாக்கெட்டைக் கிழிச்சு உள்ளங்கையில பிதுக்கிச் சூடு பறக்கத் தேய்ச்சேன்.

கையுறையா? போடல. எனக்கு ஆரு சொன்னா?

மொதல்ல தாடையில ரெண்டு முடி. வயசுக்கு வாரதுதான்னு பிடுங்கிப் போட்டேன். அப்புறம் கொத்தா வந்துது, மூஞ்சியெல்லாம் பரு. பொறவு குரல் கட்டிக்கிட்டு, எத்தனை சுக்குக்கசாயம் குடிச்சும் தெளியல. எங்க தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குத இசக்கிச்செல்வியை உள்ள இருந்து கூப்பிட்டேன். அவிய குரல்னு நெனச்சு, முதலாளி கூப்பிடுதாவன்னு முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஓடியாரா. என்னையப் பாத்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கல. அன்னையிலருந்து நான் போனைக்கூட எடுக்கதில்ல. எம் மக விஜி கூப்பிட்டா மட்டும் எடுத்து ம்ம் கொட்டுதேன்.

களிம்பு வாங்கப் போன இடத்துல மெடிக்கல்காரருதான் கேட்டாரு, கையில உறை போட்டுத்தான தேய்க்கீங்கன்னு. பொம்பளை மேல பட்டா இப்பிடித்தான் ஆகுமாம். ஒரு சோடி வாங்கிட்டுப் போய் மாட்டினேன். கையைத் தட்டிவிட்டுட்டாவ. இப்பிடின்னு தெரியுமான்னு கேட்டேன். டிவியிலருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாவ.

டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாவ, ஆனா நீ உறை மாட்டித் தொட்டா நான் என்னமோ தொத்துநோய்க்காரன் மாதிரி இருக்கும்லாட்டி, அப்பிடின்னாவ.

அவியளுக்கு அப்பிடி இருக்குமாம்.

சண்டை போடல. போட்டு என்ன ஆவ? தேய்ச்சுவிடுததையும் நிறுத்தல. என்னட்டி சில்லுன்னு இருக்குன்னாவ, கம்பெனி மாத்திட்டான்னேன். இப்பதான் மருந்து பிடிக்குது, இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்குன்னு எதிர்த்த வீட்டுப் பாண்டியராஜன் அண்ணாச்சிகிட்டப் பெருமை வேற.

முடி குறையுமா? சரி. குரலு?

ம். திரும்பாதுன்னு நெனச்சேன்.

அந்தா, அவிய செருப்புச் சத்தம். இந்தப் பையைப் பிடிங்க டாக்டரம்மா. தை மாசத்துலருந்து வாங்கின மருந்து பூராவும் இருக்கு, ஒரு பாக்கெட்டுகூடக் கிழிக்கல. அவிய தோள்ல நான் தேய்ச்சதெல்லாம் எங்க கொல்லையில கிடக்க சோத்துக்கத்தாழை.