இரண்டாவது வளையம்

ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

சைக்கிள் வால்வு டியூபைப் போல உபயோகமான பொருள் வேறொன்று இல்லை. எந்த சைக்கிள் கடையிலும் முழம் போட்டுக் கொடுப்பார்கள். பிளேடால் மெல்லிய வளையங்களாக நறுக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் நூறு காரியத்துக்கு ஆகும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. தமிழில் எழுதியதால் மூலையில் போட்டுவிட்டீர்களோ என்னவோ. நான் அந்தியூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கன்னடம் பேச வரும். எழுதத் தமிழ்தான் வரும்.

என் மனைவியின் தம்பி சுரேந்தர், நஞ்சன்கூடு பக்கம் சென்னம்மாவின் கரும்புக் கொல்லையில் காட்டுப்பன்றி தாக்கி இறந்தான். உள்ளூரில் செய்த அம்பு முனை மழுங்கிப் பன்றியின் உடம்பில் இறங்காமல் போனதே காரணம் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. உள்ளூரில் செய்த முனை என்னுடையது. அது மழுங்கவில்லை. பன்றி வேட்டை சட்டப்படி குற்றம் என்பது தெரியும். அதைத் தனித்தாளில் ஒப்புக்கொண்டு இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் முனையைப் பற்றி மட்டும்.

முனைகள் இரண்டு வகை. என்னுடையதில் பிளேடு நிலையாக நிற்கும். இரும்பு அறுக்கும் பவர் ஹாக்சா பிளேடைத் தேய்த்து நானே செய்தது. மைசூர் மேட்டகள்ளியில் தொழிற்சாலை டூல் ரூமில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. சுரேந்தருடையது திறக்கும் முனை. அவன் கூட்டாளி மதன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது, கப்பி வைத்த வில்லோடு மூன்று முனைகளும் கொடுத்துவிட்டுப் போனான். அதில் பிளேடுகள் மடங்கிக் கிடக்கும். ஒரு ரப்பர் வளையம் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். பட்டவுடன் வளையம் நழுவி, பிளேடுகள் விரிய வேண்டும்.

"மாமா, உங்க முனை காத்துல போறதப் பாத்தா, சந்தைக்கு வந்து வழி மறந்த ஆளாட்டம் இருக்குது" என்றான் சுரேந்தர், சாப்பிட உட்கார்ந்தபோது.

"அசையற உறுப்பு எதுவா இருந்தாலும் ஒருநாள் அசையாம நின்னுடும். அதத்தானே தினம் ரிப்பேர் பண்றேன்."

"பிடி மாமா. பன்னிகிட்டப் போய் இந்த லெக்சரக் குடுங்க, அதுவே செத்துரும்."

என் மனைவி சொர்ணலதா குழம்பு ஊற்றிக்கொண்டே சிரித்தாள்.

இந்தப் 'பிடி'யை விளக்க வேண்டும். சுரேந்தர் மைசூரில் வளர்ந்தவன், பாதி கன்னடம்தான் பேசுவான். அவன் சொல்வது கன்னடப் 'பிடி'. 'விடுங்கள்' என்று அர்த்தம். தமிழ்ப் 'பிடி' அதற்கு நேர் எதிர். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். வாயில் வேறு.

நான் சோதனை செய்து பார்த்தேன். முப்பது அடியில், நனைத்த செய்தித்தாள் கட்டு. அவன் முனை பத்துக்குப் பத்து திறந்தது, உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தது. என்னுடையது ஒரு சாண் விலகியது. உள்ளதை உள்ளபடி நோட்டில் எழுதினேன். அடியில், 'காகிதம் பன்றி அல்ல' என்றும் எழுதினேன். அந்த நோட்டை அவன் டீக்கடைக்கு எடுத்துப்போய், என் குரலிலேயே கூட்டாளிகளுக்கு வாசித்துக் காட்டினான். ஒரே வீட்டில் இருந்தும், பதினொரு பக்கத்தில் அவனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தேன். நான்காக மடித்துச் சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தான்.

"பாருங்க மாமா, ஆட்டம் நின்னுபோச்சு."

உண்மையில் நின்றுவிட்டது. தினமும் அந்த மேசையில்தான் சாப்பிட்டேன்.

1997 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால். கொல்லையின் வரப்பில் அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம் பத்தடி தள்ளி. என் கையில் தொழிற்சாலை விளையாட்டுக் கழகம் கழித்துப் போட்ட ஃபைபர் வில். கிழட்டு ஆண் பன்றி வெளியே வந்தது. அவன் விட்டான். குறி தப்பவில்லை, தோள்பட்டையில் சரியாகப் பட்டது. முனை திறக்கவில்லை. அந்தத் தடித்த தோலில் கொஞ்சம் குத்தி நின்று, பன்றி உதறியதும் கீழே விழுந்தது. பிறகு பன்றி அவன்மேல் பாய்ந்தது.

அப்போது நான் நாணை முழுக்க இழுத்திருந்தேன். பன்றியின் விலா முழுவதும் என் பக்கம் இருந்தது. அவன் கத்தினான்.

"பிடி மாமா! பிடி!"

விசாரணையில் நீங்கள் கேட்டபோது, அவன் பிடி என்றான், பிடித்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன். தமிழ் தெரிந்த கொள்ளேகால் காவலர் ஒருவர் அதை அப்படியே கன்னடத்தில் பெயர்த்துச் சொல்ல, நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பத்தொன்பது வருடம் மைசூரில் இருந்தவனுக்கு இரண்டு 'பிடி'க்கும் வித்தியாசம் தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை. தெரியும். நாணை விடாமல் பதினைந்து வரை எண்ணினேன். இரண்டு முனையும் ஒரே பன்றியில் பட்டால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது, சோதனை கெட்டுவிடும்.

பன்றி போன பிறகு என் அம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் அம்பை எடுத்துச் சாக்குக்குள் போட்டுக்கொண்டேன். அத்தாட்சி கெடக் கூடாது என்பதுதான் எண்ணம். நீங்கள் கொல்லையில் கண்டெடுத்து, அவன் விட்டதாக எழுதியது என் அம்பு. அது வில்லை விட்டுப் போகவே இல்லை. போகாத அம்பு எப்படி மழுங்கும்?

சொர்ணலதா இப்போது சிரிப்பதில்லை. "கடைசியா அவன் என்னங்க சொன்னான்?" என்று தினமும் கேட்கிறாள். "மாமான்னு கூப்பிட்டான்" என்கிறேன். அது பொய்யில்லை.

அவனுடைய முனையை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பிளேடுகள் மடங்கியபடியே இருக்கும். நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ரப்பர் வளையம் ஒன்றல்ல, இரண்டு என்பது தெரியும். கறுப்பின்மேல் கறுப்பு. சனிக்கிழமை அவன், "ரப்பர் காஞ்சுபோச்சு மாமா, வேற போட்டுக் குடுங்க" என்று மூன்று முனைகளையும் கொடுத்தான். வால்வு டியூபில் நறுக்கிப் போட்டுக் கொடுத்தேன். முனைக்கு ஒரு வளையம் அவன் கேட்டது. இரண்டாவது நான் போட்டது. கொடுப்பதற்கு முன் செய்தித்தாள் கட்டில் மூன்று முறை விட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் திறக்கவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

எனவே அவனைக் கொன்றவன் நான்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் முனை விஷயத்தைத் தயவுசெய்து திருத்துங்கள். டீக்கடையில் இன்னும் என் முனையைத்தான் குறை சொல்கிறார்கள். 'காரணம்' என்று போட்டிருக்கும் இடத்தில், அசையும் உறுப்பு அசையவில்லை என்று எழுதினால் போதும். நான் முதலிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அய்யாவு