காதைப் பிடித்த கை

காதுவலியெல்லாம் இல்ல மாப்ள. சும்மா ஜன்னல்கிட்ட நின்னு காதப் புடிச்சிட்டிருக்கேன். நீங்க உக்காருங்க, டீ ஆறிடப்போவுது.

சரி, மெஷின் ரிப்பேர் பாக்கற நம்ம பிட்டர்தான் நேத்து கூட்டத்தக் காட்டிக் குடுத்தான்கறீங்க. சங்கத்தவிட்டுத் தூக்கணும்கறீங்க. தூக்கிடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு.

நம்ம தறிக் கூடத்துல மெஷின் ஓடுனா பக்கத்துல நிக்கறவன் கத்துனாலும் கேக்காது. அதனால பேச்செல்லாம் கைக்கு எறங்கிடுச்சு. தோளத் தட்டுனா நூல் அந்துபோச்சு. காதப் புடிச்சா கம்பெனி ஆளு பக்கத்துல நிக்கறான், உஷார். ஒருத்தனப் பாத்து அடுத்தவன் புடிப்பான், கூடம் முழுக்கப் போயிடும். வீட்லயும் இந்தப் பழக்கம் விடாது. சோறு போடுன்னு கையாலயே கேட்டு உங்க அத்தைகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான். நீங்க மட்டும் என்ன? கல்யாணத்துக்கு மேனேஜர் உள்ள வந்ததும் மணமேடையிலயே காதப் புடிச்சவராச்சே! எம்பொண்ணு தலையில அடிச்சிக்கிட்டா.

சிரிங்க, சிரிங்க. ஏன் நிறுத்திட்டீங்க?

நான் பள்ளிக்கூடம் பாக்காதவன். நாங்க ஒட்டுன நோட்டீஸ எழுத்துக் கூட்டியே படிச்சவன். நோட்டீஸ்லகூடப் பொய் எழுதலாம் மாப்ள, நானே எழுதியிருக்கேன். பதறுற கையிலதான் பொய் வராது.

நேத்து கூட்டத்துல ஸ்ட்ரைக் தேதி குறிச்சிட்டிருந்தோம். கதவத் தள்ளிட்டு மேனேஜர், பின்னாலயே போலீஸ். அந்த நொடி எல்லார் கையும் தன்னால காதுக்குப் போச்சு. மெஷின் சத்தமில்ல, கண்ணெதிர்லயே நிக்கறான், யாருக்குச் சொல்லணும்? ஆனாலும் போச்சு. என் கை போச்சு. பிட்டர் கை போச்சு. போலீஸ் அள்ளிட்டுப் போன ஆளுங்க கையெல்லாம் போச்சு.

ஒரே ஒருத்தர் கை மட்டும் மடியிலயே கெடந்துது. வரப்போறது முன்னாடியே தெரிஞ்சவருக்கு எதுக்குத் திடுக்குனு ஆகணும்?

யாருன்னு கேக்க மாட்டீங்களா?

வேணாம், எந்திரிக்காதீங்க. பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன். அவ எம்பொண்ணு, தாங்கிப்பா. எனக்குத்தான் ராத்திரியெல்லாம் வாய் வரல.

வந்ததுலருந்து ஏன் ஜன்னல்கிட்டயே நிக்கறேன்னு கேட்டீங்கல்ல? கீழ தெருவுல நம்ம கூடத்து ஆளுங்க நிக்கறாங்க. உங்க பக்கத்துல நின்னுக்கிட்டு நான் காத விடவே இல்ல பாருங்க.

எட்டிப் பாருங்க மாப்ள. ஒவ்வொருத்தனா அவனவன் காதப் புடிக்கறான்.