வேல்ராஜ் கடைக்கு வழி

நம்பிராஜன்: ...அதைத் துண்டுக்குள்ள சுத்தியா கொண்டாந்திருக்கே? ஐந்தருவியில குளிக்க வந்தவனுக்கு ஷீல்டு எதுக்குலே?

வேல்ராஜ்: வண்டியில வச்சா கொரங்கு தூக்கிட்டுப் போயிரும்லா.

நம்பிராஜன்: கொரங்கும் பாக்கட்டுமே... எஸ்.பி. கையால வாங்குனதுன்னு.

வேல்ராஜ்: ஏலே நம்பி, காலையில தென்காசியில இருந்தே நீ ஒரு மாதிரியாத்தான் பேசுதே. மேடையில எனக்குக் குடுக்கையில கைகூடத் தட்டல.

நம்பிராஜன்: தட்டுனேம்லே... ஒனக்குக் கேட்டிருக்காது. பேப்பர்காரன் வேற, 'சைபர் மோசடியைத் தடுத்த இலத்தூர் இ-சேவை மையக்காரர்'னு எழுதிக்கிட்டு நிக்கான். இலத்தூர்ல இன்னொரு மையமும் இருக்குன்னு எவனாவது கேட்டானா?

வேல்ராஜ்: வரிசை நவுருது, முன்னால போ.

நம்பிராஜன்: எங்க வீட்டுல மஞ்சு ஒன் போட்டோவை ஸ்டேட்டஸ் வச்சிருக்கா, தெரியுமா?

வேல்ராஜ்: தங்கச்சியா! என்ன எழுதியிருக்கு?

நம்பிராஜன்: 'எங்க அண்ணன்'னு. மூணு ஹார்ட்டு வேற. கட்டுன புருசன் போட்டோவை ஒருநாள் வச்சதில்ல.

வேல்ராஜ்: அதுக்கா மூஞ்சி இப்படி ஊதிப்போயிருக்கு?

நம்பிராஜன்: பன்னெண்டு வருசமா கடை வச்சிருக்கேம்லே. நீ நேத்து வந்தவன். அரசாங்கத்து ஃபைபர் நெட்டு லைனு ஒனக்கு. போலீஸ்காரவ விழிப்புணர்வுக் கூட்டம் போடுததும் ஒன் கடை வாசல்ல. வருமானச் சான்றுக்கு வாரவ பூரா 'வேல்ராஜ் கடை எங்கன'ன்னு எங்கிட்டயே வழி கேக்காவ...

வேல்ராஜ்: சரி, விடு.

நம்பிராஜன்: அந்த ஆனந்தவள்ளி நர்ஸம்மா விசயத்தை மேடையில ஒரே வரியில முடிச்சிட்டியே, ஏன்?

வேல்ராஜ்: அதுல என்ன இருக்கு? வடக்கத்திப் போலீஸுன்னு எவனோ வீடியோ கால்ல மெரட்டியிருக்கான். டிஜிட்டல் அரெஸ்டு, போனை வச்சா ஜெயிலுன்னு. ரிட்டயரானப்ப வந்த பணத்தைப் பூரா அவனுக்கு அனுப்பணும்னு அது ஓடியாந்துச்சு. நான் போனைப் பிடுங்கி வச்சிட்டு சைபர் போலீஸுக்கு, 1930-க்கு அடிச்சேன். அம்புட்டுதான்.

நம்பிராஜன்: அந்தம்மாவுக்குக் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சுல்லா...

வேல்ராஜ்: ஒனக்கு எப்படித் தெரியும்?

நம்பிராஜன்: வரிசை நவுருது, நீ முன்னால போ.

வேல்ராஜ்: ஏலே, ஒன்னத்தான்.

நம்பிராஜன்: மொதல்ல என் கடைக்குத்தாம்லே வந்துச்சு.

வேல்ராஜ்: என்னது? அருவிச் சத்தத்துல ஒண்ணும்...

நம்பிராஜன்: என் கடைக்கு வந்துச்சுங்கேன்! கையில போனு, கண்ணெல்லாம் கலங்கிப்போய். பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, எவனோ ஏமாத்துதான்னு. சொல்லத்தான் வாயெடுத்தேன்... அதுக்குள்ள, 'வேல்ராஜ் கடை எங்கனப்பா'ன்னு கேட்டுட்டுது.

வேல்ராஜ்: நீ என்ன சொன்னே?

நம்பிராஜன்: நேராப் போய் எடது கைப்பக்கம்னேன்.

வேல்ராஜ்: வேற ஒண்ணும் சொல்லலயா?

நம்பிராஜன்: சொல்லல. ஒன் கடையில இருந்தே பணம் போவட்டும், ஊரே ஒன்னயக் காறித் துப்பட்டும்னு நெனச்சேன். எங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்த கை வேல்ராஜு அது... கண்ணு முன்னால நடுங்குச்சு. நான் சும்மா இருந்தேன். அடிச்சிரு என்னய. இங்கன வச்சே அடிச்சிரு.

வேல்ராஜ்: ஒன்ன அடிக்க எனக்கு என்னலே யோக்கியதை இருக்கு? அது வந்தப்ப நான் நிமுந்துகூடப் பாக்கல, கடையில அம்புட்டுக் கூட்டம். அது நீட்டுன சீட்டுல எழுதியிருந்த அக்கவுண்டு நம்பரை வாங்கிப் போட்டு மூணு தரம் அனுப்பிப் பாத்தேன், போவல. ரோடு தோண்டுனவன் எங்கனயோ கேபிளை அறுத்துப் போட்டிருக்கான். லைன் வரட்டும்னு சும்மா உக்காந்திருக்கையிலதான், 'இன்னும் என்ன லேட்டு'ன்னு போன்ல அவன் கத்துனதே என் காதுல விழுந்துச்சு... அன்னைக்கு மட்டும் நெட்டு இருந்திருந்தா, நானே அனுப்பிருப்பேம்லே.